பால்சா கிட் எங்கே போயிற்று? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் மாதிரி விமானங்களைப் பற்றிய ஒரு பதிலில், "கிட் வாங்கித் தன் கையால் விமானம் கட்டுகிறவர்கள் இன்று அமெரிக்காவிலேயே அருகிவிட்டார்கள்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த வரியைப் பற்றிக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எனவே இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் தெளிவாக எழுதப்பட்டிருந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

"இன்று விற்கும் ரேடியோ கட்டுப்பாட்டு விமானங்களைப் பெட்டியிலிருந்து எடுத்து இறக்கையை மாட்டினால் பறக்கின்றன. அப்படியானால் முன்பு 'கிட்' என்று எதைச் சொன்னார்கள்? வாங்கியவர் செய்ய வேண்டிய வேலை அதில் எவ்வளவு இருந்தது?"
– கல்லூரி மாணவர், திருச்சி

நீளமான, தட்டையான ஓர் அட்டைப்பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மூடியின்மேல் வானில் சாய்ந்து திரும்பும் விமானத்தின் வண்ணப்படம் இருக்கும். உள்ளே விமானம் என்று சொல்லத்தக்க எதுவும் இருக்காது. ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய, பால்சா என்னும் மிக இலேசான மரத்தின் குச்சிகள், இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குத் துண்டுகளான விலாக்களும் உடற்பகுதிக்கான சட்டங்களும் அச்சு வெட்டில் பாதி பிரிந்து நிற்கும் பால்சா ஷீட்டுகள், சில ஒட்டுப்பலகைத் துண்டுகள், வளைத்த கம்பிகள், ஒரு பொட்டலத்தில் கீல்களும் திருகுகளும், எட்டாக மடித்த முழு அளவு வரைபடம், ஒரு செய்முறைப் புத்தகம் ஆகியவை இருக்கும். எஞ்சின், ரேடியோ, சக்கரம், பசை, மேலே போர்த்தும் உறை ஆகிய அனைத்தையும் தனித்தனியாக வாங்க வேண்டும்.

வேலை மேசையின்மேல்தான் தொடங்கும். வரைபடத்தை விரித்து, பசை அதில் ஒட்டாதபடி மெழுகுத்தாளைப் பரப்பி, வரைந்த கோட்டின்மேலேயே, இறக்கையின் நீளத்துக்கு ஓடும் நெடுஞ்சட்டத்தை வைத்துக் குண்டூசிகளால் நிறுத்தி, அதன்மேல் விலாக்களை ஒவ்வொன்றாகச் செங்குத்தாக ஒட்டிக்கொண்டு போனால் இரண்டு மூன்று மாலைகளில் ஓர் இறக்கையின் எலும்புக்கூடு எழுந்து நிற்கும். பிறகு உடற்பகுதி, வால், கட்டுப்பாட்டுக் கம்பிகள். எல்லாவற்றையும் உப்புத்தாளால் தேய்த்து மழமழப்பாக்கியபின் உறை போர்த்த வேண்டும். பழைய காலத்தில் பட்டுத் துணியையோ மெல்லிய காகிதத்தையோ போர்த்தி, அதன்மேல் நெடி மூக்கைத் துளைக்கும் 'டோப்' என்னும் திரவத்தைப் பூசினார்கள். 1960களில் டாப் ஃபிளைட் நிறுவனம் இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் ஒட்டிச் சுருங்கி இறுகும் 'மோனோகோட்' என்ற பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்தபின் அந்த வேலை எளிதாயிற்று. மாலை நேரங்களில் மட்டும் உட்கார்கிறவருக்கு ஒரு பயிற்சி விமானம் முடிய ஒரு பருவகாலம் ஆவது இயல்பு.

இந்தப் பெட்டிகளுக்குப் பின்னால் பெரிய தொழிலே இருந்தது. மாசசூசெட்ஸின் வேக்ஃபீல்டில் 1926இல் பால் கில்லோ தொடங்கிய நிறுவனம், சிகாகோவின் காமெட், அங்கே வடிவமைப்பாளராக இருந்து பிற்காலத்தில் தன் பெயரிலேயே நிறுவனம் கண்ட கார்ல் கோல்ட்பெர்க், அயோவாவின் சிற்றூரான மான்டிசூமாவில் 1951இல் தோன்றிய சிக், பிரிட்டனின் கீல்கிராஃப்ட் என்று அந்தத் தலைமுறை நினைவில் வைத்திருக்கும் பெயர்கள் பல. இவற்றுள் சில, ரப்பர் முறுக்கில் பறக்கும் சிறு விமானங்களிலிருந்து தொடங்கியவை. 1937இல் மிச்சிகனைச் சேர்ந்த வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டையர் 'கஃப்' என்ற தங்கள் விமானத்தை ரேடியோவால் வெற்றிகரமாக இயக்கிக் காட்டினார்கள். அன்று அந்த விமானத்தையும் ரேடியோவையும் அவர்களே செய்ய வேண்டியிருந்தது. அதன்பின் ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம், ரேடியோ விமானம் பறக்கவிட விரும்பிய பெரும்பாலோருக்குக் கட்டுவதுதான் வழியாக இருந்தது.

"மக்களுக்குப் பொறுமை போய்விட்டது என்பதுதானே உண்மையான காரணம்?"
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை

ஐயா, இந்த விளக்கத்தைப் பறக்கும் களங்களில் மூத்தவர்கள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதில் நியாயம் குறைவு என்பது என் கருத்து. ஒரு தலைமுறையின் குணத்தைவிட ஒரு பொருளின் விலையும் ஒரு மோட்டாரின் தன்மையும்தான் இங்கே அதிகம் பேசுகின்றன.

முதல் மாற்றம் 'ஏஆர்எஃப்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் விமானங்களால் வந்தது. ஏறத்தாழப் பறக்கத் தயார் நிலையில் இருப்பது என்பது அதன் பொருள். இவையும் பால்சா விமானங்கள்தான். ஆனால் கட்டி, உறை போர்த்தி முடிக்கும் வேலையைத் தொழிற்சாலையே செய்துவிடும். 1980களில் பரவத் தொடங்கிய இவை, சீனாவிலும் வியட்நாமிலும் தொழிற்சாலைகள் பெருகியதும் சந்தையை நிரப்பின. அப்போது ஒரு விசித்திரமான கணக்கு உருவாயிற்று. கிட்டின் விலையோடு உறை, பசை, கீல், சக்கரம், எரிபொருள் தொட்டி ஆகியவற்றின் விலையைக் கூட்டினால், அதே அளவுள்ள ஏஆர்எஃப் அதற்குச் சமமான விலையிலோ அதைவிடக் குறைவாகவோ கிடைத்தது. அதுவரை, காசு குறைவாக உள்ளவர் கட்டுவார், வசதி உள்ளவர் கட்டியதை வாங்குவார் என்று இருந்த நிலை தலைகீழாயிற்று. கட்டுவது சிக்கனம் என்ற தகுதியை இழந்து, விரும்பிச் செலவழிக்கும் பொழுதுபோக்காக மாறிய அந்த இடத்தைத்தான் நான் உண்மையான திருப்பம் என்பேன்.

இரண்டாவது மாற்றம் மின்சாரத்தால் வந்தது. மெத்தனாலும் எண்ணெயும் கலந்த எரிபொருளில் ஓடும் சிறு எஞ்சின் கடுமையாக அதிரும். வால்வரை எண்ணெயைத் தெளிக்கும். அதைத் தாங்க மரமும் எரிபொருள் புகாத உறையும் தேவைப்பட்டன. தூரிகை இல்லாத 'பிரஷ்லெஸ்' மின்மோட்டாரும் லித்தியம் பாலிமர் பேட்டரியும் 2000களில் மலிவானபோது அதிர்வும் எண்ணெயும் ஒருசேர விலகின. உடனே நுரைப் பிளாஸ்டிக் உள்ளே வந்தது. நொறுங்காமல் அமுங்கி நிமிரும் இந்த ஃபோமை அச்சில் நிரப்பி ஒரு முழு இறக்கையைச் சில நிமிடங்களில் வார்த்துவிடலாம். விழுந்து உடைந்தால் களத்திலேயே பசை தடவி ஒட்டிவிட்டு அன்றைக்கே மறுபடி பறக்கலாம். அதே காலத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோக்கள் வந்ததால், இன்னொருவர் அதே அலைவரிசையைப் போட்டு நம் விமானத்தை வீழ்த்திவிடுவார் என்ற பழைய அச்சமும் நீங்கிற்று. கணினிப் பயிற்சி மென்பொருளும், விமானத்தைத் தானே நேராக நிறுத்தும் ஜைரோவும் சேர்ந்துகொள்ள, புதியவர் ஒரு வார இறுதியில் பறக்கக் கற்றுக்கொள்வது இயலக்கூடியதாயிற்று.

இவ்வளவுக்கும் பிறகு கிட் பெட்டியை அடுக்கி வைத்துக் காத்திருக்கும் அளவுக்கு எந்தக் கடைக்கும் இடமில்லை. இல்லினாய் மாநிலத்தின் சாம்பெய்னில் இருந்த ஹாபிகோ, கிரேட் பிளேன்ஸ், டாப் ஃபிளைட் ஆகிய பெயர்களில் விமானங்களை விற்ற மிகப் பெரிய நிறுவனம். அதில் பணிபுரிந்தவர்களே அதன் உரிமையாளர்கள். 2018 ஜனவரியில் அது திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. அதன் ரேடியோ விமானப் பிரிவை அதே ஊரைச் சேர்ந்த ஹொரைசன் ஹாபி வாங்கிற்று. கிட்கள் அதற்கு முன்பே பட்டியலில் சுருங்கியிருந்தன என்பதால் ஹாபிகோவின் வீழ்ச்சியைக் காரணம் என்பதைவிட அடையாளம் என்பதே சரி. ஆனாலும் அந்தப் பெட்டிகளைக் கட்டி வளர்ந்தவர்களுக்கு அது வீட்டில் ஒரு சாவு விழுந்ததுபோல இருந்தது.

"கட்டுவதால் அப்படி என்ன அறிவு கிடைக்கிறது? வரைபடத்தின்மேல் குச்சியை ஒட்டுவது சிறுபிள்ளை விளையாட்டல்லவா?"
– பொறியாளர், ஓசூர்

உங்கள் கேள்வியில் உள்ள கடுமையை நான் வரவேற்கிறேன். இதற்குப் பொதுவாகப் பதில் சொன்னால் பொய்யாகத் தோன்றும் என்பதால் ஒரே ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அது மரம்.

3 மில்லிமீட்டர் தடிமனும் 75 மில்லிமீட்டர் அகலமும் 915 மில்லிமீட்டர் நீளமும் உள்ள பால்சா ஷீட்டுகளில் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே கடையில், ஒரே விலையில், ஒரே அடுக்கில் இருந்தவை. சமையலறைத் தராசில் வைத்தால் ஒன்று 20 கிராம் காட்டும், மற்றது 33 கிராம் காட்டும். அளவில் எள்ளளவும் வேறுபாடில்லை, அடர்த்திதான் வேறு. பால்சாவின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 100 கிலோவுக்கும் கீழே தொடங்கி 200 கிலோவுக்கு மேலும் போகும் என்பதால் இந்த வேறுபாடு அன்றாடம் காணக்கூடியது. விமானத்துக்கு இருபது ஷீட்டுகள் தேவை என்றால், தராசு வைத்துப் பொறுக்கியவருக்கும் கைக்கு வந்ததை எடுத்தவருக்கும் இடையே 260 கிராம் வேறுபடும். இரண்டேகால் கிலோ எடையுள்ள பயிற்சி விமானத்துக்கு இது சிறிய சுமையன்று.

அதோடு முடியவில்லை. கனமான ஷீட்டை எங்கே போடுவது என்பதும் ஒரு முடிவு. நெடுஞ்சட்டத்துக்குக் கனமும் கடினமும் உள்ளது வேண்டும். வாலுக்கு இருப்பதிலேயே லேசானது வேண்டும். வாலில் 10 கிராம் கூடினால், ஈர்ப்பு மையத்திலிருந்து மூக்குக்கு உள்ள தூரம் வாலுக்கு உள்ள தூரத்தில் பாதியோ மூன்றில் ஒன்றோதான் என்பதால், அதைச் சமன்செய்ய மூக்கில் 20 முதல் 30 கிராம் வரை ஈயம் வைக்க நேரும். விமானத்துக்கு எந்த உதவியும் செய்யாத அந்த ஈயத்தை ஒவ்வொரு முறையும் தூக்கிக்கொண்டு பறக்க வேண்டும்.

அடுத்தது நாரோட்டம். மரத்தின் ஆண்டு வளையங்களைத் தழுவினாற்போல அறுத்த ஷீட்டை அகலவாக்கில் மெல்ல வளைத்தால் காகிதம்போல் வளையும்; அதை உடற்பகுதியின் உருண்டையான முதுகுக்குப் போர்த்தலாம். வளையங்களுக்குக் குறுக்காக அறுத்த ஷீட்டின் மேற்பரப்பில் மீன் செதில் போன்ற மினுமினுப்புத் தெரியும். அதை அகலவாக்கில் வளைத்தால் 'டக்' என்று பிளக்கும். இந்த விறைப்பால் அது விலாக்களுக்கு ஏற்றது. பழைய கிட் கட்டுநர்கள் ஷீட்டை வெளிச்சத்தில் சாய்த்து ஒரு பார்வை பார்த்து, இரு விரலால் லேசாக அழுத்தி, "இது விலாவுக்கு, இது முதுகுக்கு" என்று பிரித்து வைத்துவிடுவார்கள். நான் இண்டியானாவில் சில ஆண்டுகள் இருந்தபோது இதை ஒரு முதியவரிடம் கற்றேன். அவர் எனக்கு ஒரு வார்த்தைகூட விளக்கவில்லை. இரண்டு துண்டுகளை என் கையில் கொடுத்து, "வளைத்துப் பார்" என்றார். ஒன்று வளைந்தது, ஒன்று பிளந்தது. பிளந்த துண்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

கிட் நிறுவனம் அறுத்து, எடைபோட்டு, பொறுக்கித் தந்தாலும், பெட்டியில் வந்த மரத்தை மறுபடி ஒரு முறை பார்க்கும் பழக்கம் கிட் கட்டியவர்களுக்கு இருந்தது. கனமாகவோ முறுக்கியோ இருந்த குச்சியை ஒதுக்கிவிட்டு வேறு வாங்குவார்கள். இந்தத் தேர்வையெல்லாம் ஏஆர்எஃப் வாங்குகிறவருக்காகத் தொழிற்சாலையில் வேறொருவர் செய்துவிடுகிறார். அவர் எதைத் தேர்ந்தார் என்பது உறைக்குள் மறைந்துபோகிறது.

"எனக்கு வேலை உண்டு, குடும்பம் உண்டு. வாரத்தில் இரண்டு மணி நேரம் பறக்கவிடுவதே எனக்குக் கிடைக்கும் ஓய்வு. கட்டாமல் பறப்பவன் அரைகுறை என்பதுபோலச் சிலர் பேசுவது வருத்தமளிக்கிறது. தங்கள் கருத்து என்ன?"
– வாசகர், சிங்கப்பூர்

அப்படிப் பேசுகிறவர்கள் தவறு செய்கிறார்கள். பறப்பது ஒரு கலை, கட்டுவது வேறொரு கலை. ஒன்றில் தேர்ந்தவர் மற்றதில் தேராமல் இருப்பது குற்றமே அல்ல. ஃபோம் விமானங்கள் இல்லாவிட்டால் இந்தப் பொழுதுபோக்கே பல ஊர்களில் மூத்தவர்களோடு முடிந்திருக்கும் என்பதையும் நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் ஒன்றை மட்டும் உங்களிடம் சொல்ல விரும்புகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவர் புதிதாக வாங்கிய ஏஆர்எஃப் விமானத்தை அதன் நான்காவது பறப்பில் மேலே ஏற்றிக்கொண்டிருந்தபோது, மோட்டாரைத் தாங்கும் முன்பலகை மோட்டாரோடு சேர்ந்து கழன்றது. மூக்கு இலேசானதும் விமானம் வாலில் உட்கார்ந்தாற்போல நிமிர்ந்து, சுழன்று, மக்காச்சோள வயலில் விழுந்தது. சிதறல்களைப் பொறுக்கி வந்து பார்த்தோம். முன்பலகையின் நான்கு விளிம்புகளிலும் பசை பட்டிருந்தது இரண்டு மூன்று புள்ளிகளில் மட்டுமே. மற்ற இடமெல்லாம் மரம் புத்தம்புதிதாக வெள்ளையாக இருந்தது. செய்த நிறுவனத்தின் பெயரை இங்கே சொல்லத் தேவையில்லை. இந்தக் குறை ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியதுமன்று. ஒரு கிட்டையேனும் கட்டியவர், புதிய விமானம் வந்ததும் முதலில் பேட்டரி அறையின் மூடியைத் திறந்து, விளக்கைப் பிடித்து, அந்த விளிம்பைத்தான் பார்ப்பார். ஐயம் இருந்தால் எபாக்சி என்னும் வலுவான பசையைத் தடவி, முக்கோணப் பட்டைகளை மூலைகளில் ஒட்டுவார். அந்த வேலைக்குப் பத்து நிமிடம் போதும். எங்கே பார்க்க வேண்டும் என்பது தெரியாததால்தான் நாங்கள் அந்த விமானத்தை இழந்தோம். அன்று நானும் அங்கே இருந்தேன், நானும் பார்க்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் மனம் கலங்குகிறது.

எனவே உங்களுக்கு என் வேண்டுகோள் எளியது. ஓய்வு நேரம் முழுவதையும் பறக்கவே செலவிடுங்கள். வாழ்நாளில் ஒரே ஒரு முறை, எவ்வளவு சிறியதானாலும், ஒரு மர விமானத்தைத் தொடக்கத்திலிருந்து கட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகு நீங்கள் வாங்கும் விமானங்கள் உங்களுக்குள் வேறுவிதமாகத் தெரியும்.

"காற்றாலைகளால் பால்சா விலை ஏறிற்று என்று படித்தேன். மாதிரி விமானத்துக்கும் காற்றாலைக்கும் என்ன தொடர்பு?"
– வாசகி, முப்பந்தல்

காற்றாலைகள் நிறைந்த உங்கள் ஊரின் பெயரைப் பார்த்ததும் கேள்வியின் அக்கறை புரிந்தது. காற்றாலையின் பிரமாண்டமான இறக்கை, வெளியே கண்ணாடியிழையும் உள்ளே இலேசான நடுப்பொருளும் கொண்ட ஓர் அடுக்கு. அந்த நடுப்பொருளாகப் பால்சா நெடுங்காலமாகப் பயன்படுகிறது. இலேசாகவும் விறைப்பாகவும் இருக்க வேண்டும் என்ற அதே தேவைதான் இரண்டுக்கும் பொது. உலகின் பால்சாவில் பெரும்பகுதி ஈக்குவடாரிலிருந்து வருகிறது. சீனாவில் நிலப்பரப்புக் காற்றாலைகளுக்கான அரசு மானியம் 2020 முடிவோடு நிற்கும் என்று அறிவிக்கப்பட்டதால், அதற்குள் நிறுவி முடிக்க நிறுவனங்கள் விரைந்தன. அந்த வேகத்தில் பால்சாவின் விலை பன்மடங்கு ஏறியது. பால்சா ஐந்தாறு ஆண்டுகளில் வெட்டும் பருவத்துக்கு வருகிற, விரைவாக வளரும் மரம்தான். ஆனாலும் திடீரெனப் பெருகிய தேவைக்கு ஈடு கொடுக்க முடியாமல், ஈக்குவடாரின் அமேசான் பகுதியில் காட்டில் தானே வளர்ந்த மரங்களும் வெட்டப்பட்டன. அங்கே வாழும் பழங்குடி மக்களுக்கு நேர்ந்த துன்பத்தோடு ஒப்பிட்டால் மாதிரி விமானக் கடைகளில் ஷீட் கிடைக்காமல் போனது பெரிய இழப்பே அல்ல. காற்றாலை இறக்கை செய்பவர்கள் பின்னர் பிஇடி பிளாஸ்டிக் நுரைக்கு மாறத் தொடங்கியதால் நெருக்கடி தணிந்தது.

பால்சாவுக்கு இப்படித் தட்டுப்பாடு வந்தது அதுவே முதல் முறை அல்ல. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் மஸ்கிட்டோ போர் விமானத்தின் உடற்பகுதி, ஒட்டுப்பலகைகளுக்கு நடுவே பால்சாவை வைத்துச் செய்யப்பட்டது. உயிர்காப்புத் தெப்பங்களுக்கும் பால்சா தேவைப்பட்டது. அக்காலச் சிறுவர்களுக்குக் கிட்களில் பால்சாவுக்குப் பதிலாக அட்டையும் வேறு மரமும் வந்தன.

"போட்டிகளில், பறப்பவரே விமானத்தைக் கட்டியிருக்க வேண்டும் என்ற விதி இன்னும் உண்டா?"
– வாசகர், கோலாலம்பூர்

சில பிரிவுகளில் உண்டு. உண்மையான விமானத்தை அளவு பிசகாமல் ஒத்திருக்கும் மாதிரிகளுக்கான எஃப்4சி என்ற உலகப் பிரிவில் பறப்பவரே அதைக் கட்டியிருக்க வேண்டும். கட்டாதவர்களும் பங்கேற்க எஃப்4எச் என்ற தனிப் பிரிவு பிறகு ஏற்படுத்தப்பட்டது. இரு சாராருக்கும் இடம் கொடுத்த நல்ல ஏற்பாடு இது.

"அப்படியானால் கட்டும் கலை இன்னும் பத்து, இருபது ஆண்டுகளில் முற்றிலும் மறைந்துவிடுமா?"
– நூலகர், தஞ்சாவூர்

மறைந்தது பெரிய நிறுவனத்தின் பெரிய பெட்டி. கட்டும் கலை வேறு வழியில் உயிரோடு இருக்கிறது. அதைக் காப்பாற்றியது, பலரும் எதிரியாக நினைத்த புதிய தொழில்நுட்பம்தான்.

பழைய கிட்களில் பாகங்களை எஃகு அச்சால் அழுத்தி வெட்டினார்கள். அச்சின் முனை மழுங்கினால் மரத்தை வெட்டாமல் நசுக்கும். விலாவின் விளிம்பு பிய்ந்த ரொட்டிபோல வரும். புதிய அச்சு செய்யச் செலவு மிகுதி என்பதால், ஆயிரக்கணக்கில் விற்கும் விமானத்தை மட்டுமே கிட்டாக வெளியிட முடிந்தது. லேசர் வெட்டு வந்தபின் அச்சே தேவையில்லை. கணினியில் வரைந்ததை மயிரிழை பிசகாமல் வெட்டித் தரும் ஒரு பொறியை வீட்டுக் கொட்டகையில் வைத்துக்கொண்டு ஒருவர் ஆண்டுக்கு இருபது கிட் விற்றாலும் நட்டமில்லை. எனவே இன்று பல சிறு பட்டறைகள், விலாவும் சட்டமும் போன்ற வெட்டுவதற்குக் கடினமான பாகங்களையும் வரைபடத்தையும் மட்டும் தரும் 'குறுங்கிட்' விற்கின்றன. நீளமான குச்சிகளையும் ஷீட்டுகளையும் வாங்குகிறவரே தேடிக்கொள்ள வேண்டும். கில்லோ நிறுவனத்தைப் போன்ற பழைய பெயர்களும் முழுதாக மறையவில்லை. மாதிரி விமானக் கலைக்கான அமெரிக்க அமைப்பான ஏஎம்ஏ 1936 முதல் இயங்கிவருகிறது. இண்டியானாவின் மன்சி நகரில் உள்ள அதன் தலைமையிடத்தில் ஓர் அருங்காட்சியகமும் இருக்கிறது. தொன்மை மாதிரிகளுக்கென்றே ஒரு சங்கம் இயங்குகிறது. 1942 முடிவுக்குள் வடிவமைக்கப்பட்ட விமானங்களை அந்தச் சங்கத்தினர் இன்றும் கட்டிப் பறக்கவிடுகிறார்கள்.

ஓகையோவில் தொடங்கிய ஃபிளைட் டெஸ்ட் குழு இன்னொரு பாதையைத் திறந்தது. காகிதம் ஒட்டிய சாதாரண ஃபோம் அட்டையை வெட்டி, மடித்து, சூட்டுப் பசையால் ஒட்டி ஒரே நாளில் விமானம் கட்டும் முறையை அவர்கள் பரப்பினார்கள். மரத்தைத் தொடாவிட்டாலும் வரைபடம் படிப்பது, சமநிலை பார்ப்பது, உடைந்ததைத் திருத்துவது ஆகிய மூன்றும் அதில் உண்டு. முப்பரிமாண அச்சில் சூட்டில் நுரைத்து இலேசாகும் பிளாஸ்டிக் இழையைக் கொண்டு இறக்கையை அச்சிடுகிறவர்களும் பெருகுகிறார்கள். அவர்களையும் கட்டுநர் கணக்கிலேயே நான் சேர்ப்பேன்.

நம் நாட்டில் என்.சி.சி. விமானப் பிரிவு மாணவர்களுக்கு மாதிரி விமானம் கட்டுவது பயிற்சியின் ஒரு பகுதி. வாயு சைனிக் முகாம்களில் அதற்குப் போட்டியும் உண்டு. பால்சாவைத் தொட்ட நம் இளைஞர்கள் பலர் அதை முதலில் தொட்டது அங்கேதான்.

உண்மையில் ஆபத்தில் இருப்பது, பெட்டியோடு கூட வந்த செய்முறைப் புத்தகம். குறுங்கிட்டில் வரைபடம் இருக்கும். "இந்தச் சட்டத்தை இப்போது ஒட்டாதீர்கள், முதலில் கட்டுப்பாட்டுக் கம்பிக் குழாயைச் செருகுங்கள்" என்று சொல்லும் புத்தகம் பெரும்பாலும் இருக்காது. பழைய நிறுவனங்கள் புதியவரை மனத்தில் வைத்துப் படிப்படியாகப் புகைப்படத்தோடு எழுதிய அந்தப் புத்தகங்கள்தான் ஆசிரியராக இருந்தன. அவற்றைத் தேடிச் சேகரித்து வைப்பவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

"என் மகளுக்குப் பதினான்கு வயது. பறக்கும் விமானத்தைத் தானே செய்ய வேண்டும் என்கிறாள். எங்கிருந்து தொடங்கலாம்?"
– தாய், நாகர்கோவில்

அம்மா, பறக்கக் கற்பதையும் கட்டக் கற்பதையும் இரு தனிப் பாதைகளாக வையுங்கள். பறப்பதைக் கணினிப் பயிற்சி மென்பொருளிலும் பிறகு ஒரு ஃபோம் பயிற்சி விமானத்திலும் கற்கட்டும். மாதக்கணக்கில் கட்டிய மர விமானத்தை முதல் பறப்பிலேயே உடைத்துவிட்டால், பலர் அத்தோடு கைவிட்டுவிடுகிறார்கள்.

கட்டுவதற்கு ஓர் அடி இறக்கையுள்ள, கையால் வீசும் பால்சா கிளைடரில் தொடங்குங்கள். அதற்கு ஒரு ஷீட்டும் ஒரு குச்சியும் போதும். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் மூன்றில் ஒரு பங்குத் தூரத்தில், இருபுறமும் விரல் நுனியில் தாங்கும்போது அது சமமாக நிற்கும் வரை மூக்கில் களிமண் ஒட்டச் சொல்லுங்கள். பிறகு ரப்பர் முறுக்கில் பறக்கும் சிறு கிட். அதன்பின் லேசர் வெட்டில் வரும், மேலிறக்கை கொண்ட மின்மோட்டார் பயிற்சி விமானம். இந்த வரிசையில் ஓர் ஆண்டு எடுத்துக்கொண்டாலும் அவசரமில்லை. பிளேடு புதிதாக இருக்கட்டும். மழுங்கிய பிளேடுதான் வழுக்கிக் கையைக் கிழிக்கும். உப்புத்தாள் போடும்போது முகக்கவசம் அணியட்டும். உடனே ஒட்டும் பசையைச் சன்னல் திறந்துள்ள அறையில் மட்டும் பயன்படுத்துங்கள்.

மேசைக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். அமெரிக்கக் கட்டுநர்கள் பலர் உள்ளே பொள்ளலான ஓர் உட்கதவை வாங்கி, அதன்மேல் குண்டூசி இறங்கும் மென்பலகையை ஒட்டி மேசையாக்கினார்கள். நம் ஊர்த் தச்சுக் கடையில் கிடைக்கும் ஃபிளஷ் கதவும் அறிவிப்புப் பலகைக்குப் போடும் மென்பலகையும் அந்த வேலையைச் செய்யும். கதவு கோணலாக இல்லையா என்று வாங்கும் முன் நீளவாக்கில் ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். நான் கட்டிய முதல் இறக்கை, கோணல் மேசையின் கோணலை அப்படியே வாங்கிக்கொண்டது. அந்த விமானம் கடைசிவரை இடப்பக்கமாகவே சாய்ந்தது.

உறை போர்த்தி முடித்தபின் ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். இறக்கையின் அடிப்பக்கம் தட்டையானதாக இருந்தால், ஒரு பாதியைச் சமையலறைக் கிரானைட் மேடைமேல் வைத்து, பின்விளிம்பின் அடியில், உடலோடு சேரும் முனை முதல் வெளிநுனிவரை ஒரு காகிதத்தை நகர்த்திப் பார்க்கட்டும். ஓரிடத்தில் மட்டும் காகிதம் தாராளமாக நுழைந்தால் அங்கே முறுக்கு விழுந்திருக்கிறது. ஒருவர் இறக்கையை எதிர்ப்பக்கமாக மெல்ல முறுக்கிப் பிடித்துக்கொள்ள, மற்றவர் அந்த இடத்தின் உறைமேல், மேலும் கீழும், மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை ஓட்ட வேண்டும். ஆறும் வரை கையை எடுக்கக் கூடாது. பிறகு மறுபடி மேடைமேல் வைத்துக் காகிதத்தை நுழைத்துப் பாருங்கள்.